இருப்புப்பாதைப் படங்களில் உரிப்பொருள்

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவில் இரயில் நிலையம் கிடையாது. அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்தோர் இரயிலேற வேண்டுமாயின், அலோர் காஜா மாவட்டத்தின் மறுபுறத்தே தம்பின் நகரை ஒட்டியுள்ள புலாவ் செபாங் நிலையத்திற்குச் சாலை வழியே செல்லுதல் வேண்டும். இரயில் என்பது அவர்களுக்கு ஒரு பயணத்தின் தொடக்கமாகவோ, ஒருவரை வழியனுப்பும் வேளையாகவோதான் பெரும்பாலும் அமைந்தது. தோட்டத்து முதியோர் இருப்புப்பாதையைக் ‘கம்பிச்சடக்கு’ என வழங்கினர். அச்சொல்லில் இரும்பும் உண்டு. நடந்து போகும் சாலையும் உண்டு. இருப்புப்பாதையைப் பற்றிய நிழற்படங்களை மதிப்பிடப் புகுவோர்க்கு இந்த எளிய சொல்லே நல்லதோர் அளவுகோலாகும்.

உலகெங்கும் இரயில் எஞ்சின்களைத் தேடித் தேடிப் படமெடுக்கும் ஆர்வலர் பலர் உள்ளனர். அவர்களுடைய கலைக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்றுண்டு. கதிரவன் படமெடுப்போரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். எஞ்சினின் முகமும் பக்கமும் ஒருங்கே தெரியும்படி சாய்கோணத்தில் நிற்றல் வேண்டும். எண் தெளிவாகப் படிக்கும்படி அமைதல் வேண்டும். மரக்கிளையோ கம்பமோ மனித உருவமோ எஞ்சினை மறைத்தலாகாது. இவ்விலக்கணம் முழுதும் நிறைவேற, ஒரே வளைவில் பல மணி நேரம் வெயிலில் காத்திருக்கும் பொறுமை தேவை. மேகம் ஒன்று குறுக்கிட்டால் அன்றைய உழைப்பு வீணாகும். அத்தகைய பொறுமையை எள்ளி நகையாடுதல் திறனாய்வாகாது.

அவர்தம் தொண்டும் சிறிதன்று. மலாயா இரயில்வேயின் ‘ஓ’ வகுப்பு நீராவி எஞ்சின்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்டு 1938 முதல் இந்நாட்டிற்கு வந்தவை. மூன்று உருளைகளைக் கொண்ட அவை ஒரு மீட்டர் அகலப் பாதையில் விரைவு வண்டிகளை இழுத்தன. அவற்றுக்கு இந்நாட்டு ஊர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ‘தெமர்லோ’ என்னும் பெயர் தாங்கிய எஞ்சின் பின்னாளில் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1957இல் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியபின் நீராவி படிப்படியாக மறைந்தது. சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடையே மின்சார இரட்டைப் பாதை 2013இல் நிறைவுற்றபோது, பழைய நிலையக் கட்டடங்கள் பல புதியவற்றிற்கு இடம் விட்டன. அவற்றின் பலகைச் சுவரும் ஓட்டுக் கூரையும் எவ்வாறு இருந்தன என்பதை இன்று அறிய விரும்புவோர் ஆர்வலரின் படங்களையே நாடுதல் வேண்டும்.

எனினும் கலை என்ற அளவில் அப்படங்களை நோக்குங்கால் ஒரு வினா எழுகின்றது. தமிழ் மாணவர் நன்கறிந்த தொல்காப்பிய நெறி பாடற்பொருளை முதல், கரு, உரி என மூவகைப்படுத்தும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பது மரபு. ஏனைய இரண்டும் அதனை ஏந்தி நிற்கவே வருகின்றன. இந்நெறியை இரயில் படத்திற்குப் பொருத்தினால் அதன் நிறையும் குறையும் ஒருங்கே புலப்படும். வளைவும் காலை ஒளியும் ஆகிய முதற்பொருள் அங்கே செம்மையாக உள்ளது. எஞ்சின் என்னும் கருப்பொருள் ஆணி முதலாகத் துலங்குகின்றது. உரிப்பொருளின் இடமோ வெறுமையாக இருக்கின்றது. பிரிவும் காத்திருப்பும் இரங்கலும் இரயில் நிலையத்தைப்போல் ஒருங்கே கூடும் இடம் வேறொன்று அரிது. அங்கே நின்று எடுத்த படத்திலேயே அவை இல்லாமற் போவது வியப்பிற்குரியது.

குறை கருவியைச் சார்ந்ததன்று என்பதற்குச் சான்றுகள் உள. அமெரிக்கரான ஆல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் 1902இல் நியூயார்க் அருகே எடுத்த ஒரு படத்தில், புகை கக்கி வரும் எஞ்சினும் பின்னிச் செல்லும் தண்டவாளங்களுமே மேலோங்கி நிற்கின்றன. அதற்கு அவர் இட்ட பெயர் ‘மனிதனின் கை’. அப்பெயரைப் படித்தபின் அந்த இரும்பைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகின்றது. ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்போக் அண்டு வெஸ்டர்ன் இரயில்வேயின் இறுதி நீராவி வண்டிகளைப் படமாக்கினார். கதிரவனைத் தம் விருப்பத்திற்கு நகர்த்த இயலாமையால் இரவைத் தேர்ந்து, எண்ணற்ற மின்வெட்டு விளக்குகளைத் தாமே அமைத்துக் கொண்டார். 1956இல் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில், திறந்தவெளித் திரையரங்கில் காருக்குள் அமர்ந்து ஓர் இணை படம் பார்க்கின்றது. திரையில் ஜெட் விமானம் தெரிகின்றது. பின்னால் நீராவி வண்டி ஓடுகின்றது. வருங்காலத்தைப் பார்த்திருப்போரின் முதுகுப்புறமாக ஒரு காலம் கடந்து போவதை அந்த ஒரு படமே உணர்த்திவிடுகின்றது. ஸ்டீவ் மெக்கரி 1983இல் ஆக்ராவில் எடுத்த படத்தில், தாஜ்மகாலின் முன்னே வரும் எஞ்சினின் முகப்பில் இரு தொழிலாளர் நிற்கின்றனர். அவ்விருவரையும் நீக்கிவிட்டால் அது அஞ்சலட்டைப் படமாகச் சுருங்கிவிடும்.

மலாயாவின் இருப்புப்பாதையில் அந்த மனிதன் யார்? இந்நாட்டின் முதற்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிற்குத் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிற்படையினர் அப்பணியில் ஈடுபட்டனர். பின்னர் யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். தமிழகத்திலிருந்து வந்தோர் காடழித்து மண் கொட்டிக் கட்டை பதித்தனர். செந்தூல் பணிமனையிலும் உழைத்தனர். எஞ்சினுக்கு எண்ணும் பெயரும் உண்டு. அது எந்நகரில், எவ்வாண்டில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் உண்டு. அதன் பாதையைச் செப்பனிட்டவரின் பெயரோ படத்தின் அடியில் வருவதில்லை. ஆர்வலரின் படக்குறிப்பு எதனை மதித்து எழுதுகின்றது, எதனை எழுதாது விடுகின்றது என்பதைக் கேட்பது திறனாய்வாளரின் கடமையாகும்.

மலாக்காவைப் பொறுத்தவரை இவ்வினாவில் ஆறாத புண் ஒன்று உள்ளது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்லும் கிளைப்பாதை 1905இல் அமைந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. போர் முடிந்தபின்னும் அக்கிளைப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாக்கா நகரம் இன்றளவும் இரயில் இல்லாத நகரமாகவே உள்ளது. இரும்பு சென்ற அதே திசையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதற்குள் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், ஏறத்தாழ 90,000 ஆசியத் தொழிலாளரும் மாண்டனர் என்று கணிக்கப்படுகின்றது.

அப்பாதையின் படங்கள் இன்று கூறுவது யாது? இணைப்பு விழாவில் பங்கேற்ற சி56 வகை எஞ்சின் 31ஆம் எண் 1979இல் ஜப்பானுக்குத் திரும்பிச் சென்றது. தோக்கியோவில் யாசுக்குனி ஆலயத்தை அடுத்த போர் அருங்காட்சியகத்தில், கருமை பளபளக்க அது நிற்கின்றது. அதனைப் படமெடுப்போர்க்கு நல்ல ஒளியும் நல்ல கோணமும் வாய்க்கின்றன. ஆஸ்திரேலியக் கைதியான ஜார்ஜ் அஸ்பினால் உயிருக்கு அஞ்சாது ஒரு சிறு கருவியை மறைத்து வைத்துக் கைதிகளின் நிலையைப் படமாக்கினார். தோட்டத் தமிழரிடம் கருவி ஏது? காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழருள் மிகப் பலருக்குப் பெயர் தாங்கிய கல்லும் இல்லை; முகம் காட்டும் படமும் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சொல்லால் நிரப்ப முயன்றவையே ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள். படம் கைவிட்ட உரிப்பொருளை மலேசியத் தமிழ் நாவல் ஏந்திக் கொண்டது எனலாம்.

இயந்திரத்தை நேசிப்போரிடம் வரலாற்றின் சுமையை ஏற்றுதல் தகுமோ என்று கேட்போர் உளர். மலரைப் படமெடுப்போரிடம் தோட்டக்காரரின் கூலியைக் கேட்பதுண்டோ என்பது அவர்தம் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாப் படமும் இரங்கற்பாவாதல் வேண்டா. எஞ்சினின் அழகும் உண்மையான அழகே; அதனை ஆக்கியோரும் மாந்தரே. ஆயின் மலர் தானே மலர்கின்றது. இருப்புப்பாதை தானே முளைப்பதில்லை. ஒவ்வொரு தண்டவாளமும் ஒருவர் தோளேறி வந்து தரையில் படுத்தது. கருப்பொருளோடு நின்றுவிடும் படம் பொய்யானதன்று, குறையுடையது. அக்குறையை அறிந்து பார்ப்பதற்கும் அறியாது பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு.

அக்குறை நீங்கிய ஒரு வேளையும் அண்மைக்காலத்தில் வாய்த்தது. சிங்கப்பூரின் தஞ்சோங் பாகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். அந்நாள்களில் பாதையோரமெங்கும் கருவிகளோடு மக்கள் திரண்டனர். எஞ்சின் மறையாதிருக்க மனிதரை விலக்கும் பழைய இலக்கணம் அக்கூட்டத்தில் செல்லுபடியாகவில்லை. கையசைத்தவர், தோள்மேல் குழந்தையைத் தூக்கி நின்றவர், பேசாது நின்ற முதியவர் ஆகியோர் சட்டத்துள் தாமே புகுந்தனர். பிரிவு வந்தபோதுதான் படங்களுக்கு உரிப்பொருளும் வந்து சேர்ந்தது.

தமிழாசிரியரும் மாணவரும் இதனைத் தம் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். இரயில்வேயில் பணியாற்றிய குடும்பங்களின் பழைய பெட்டிகளில், எஞ்சின் அருகே நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் மங்கிய படம் கிடைக்கக்கூடும். அதில் ஒளி குன்றியிருக்கலாம், எஞ்சினின் பாதி வெட்டுப்பட்டிருக்கலாம், எண்ணும் தெரியாதிருக்கலாம். ஆர்வலரின் இலக்கணப்படி அது தோல்வியுற்ற படம். அதன் பின்புறத்தில், நிற்பவர் யார், எவ்வூரார், என்ன வேலை செய்தார் என்பதை அறிந்தோர் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எஞ்சினின் எண்ணை உலகம் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பெயரை அவர் வீட்டாரும் ஊராருமே எழுத முடியும்.