கலைத்திட்டமும் கணிப்பீடும்: இலக்கியக் கல்வி குறித்து ஒரு நோக்கு

குறிக்கோள், கற்றல் அனுபவம், அவற்றின் ஒழுங்கமைப்பு, கணிப்பீடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது நவீன கலைத்திட்டக் கொள்கையின் அடிப்படையாகும். 1949இல் றல்ஃப் ரைலர் இதனைத் தெளிவாக வகுத்துரைத்தார். நடைமுறையிலோ கணிப்பீடே ஏனைய மூன்றையும் நிர்ணயிக்கின்றது. இதற்கான காரணம் வகுப்பறைக்குள்ளே மாத்திரம் தேடத்தக்கதன்று.

இலங்கையில் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, அறிவையும் உழைப்பையும் இணைக்க முயன்றது. நோக்கம் முற்போக்கானதே. ஆயின், உடலுழைப்பைத் தாழ்வாக மதிக்கும் சமூக அமைப்பு மாறாதிருந்தமையால், பெற்றோர் பலர் அப்பாடங்களை இரண்டாந்தரக் கல்வியாகவே கருதினர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின்னர் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை கைவிடப்பட்டு, க.பொ.த. சாதாரண தரம் மீண்டும் இடம்பெற்றது. 1998ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் பாடசாலை மட்டக் கணிப்பீட்டை வலியுறுத்தின. 2007 முதல் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும், பல்கலைக்கழக அனுமதிக்கான போட்டி தளராதவரை பொதுப் பரீட்சையின் மேலாதிக்கமும் தளரவில்லை.

இதன் விளைவைத் தமிழிலக்கிய வகுப்பிலே தெளிவாகக் காணலாம். பாடத்திட்டம் இரசனையை வேண்டுகின்றது; பரீட்சையோ மனனஞ்செய்த உவமை நயத்துக்கும் ஓசை நயத்துக்கும் புள்ளி வழங்குகின்றது. மாணவன் செய்யுளைப் படியாமலே அதன் நயத்தை எழுதிவிடுகின்றான். குறிப்புகளையும் ரியூசனையும் விலைகொடுத்துப் பெறவியலாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, தன் வாழ்வனுபவங்கொண்டு கவிதையை விளங்கிக்கொண்டாலும், அவ்விளக்கத்துக்கு விடைத்தாளில் இடமில்லை.

அவ்வாறாயின் பொதுப் பரீட்சையை ஒழித்துவிடலாமா? அன்று. சுட்டெண் மாத்திரம் பொறிக்கப்பட்ட விடைத்தாள், எழுதியவனின் குலத்தையோ செல்வாக்கையோ காட்டுவதில்லை. வறிய மாணவனுக்கு அது ஒரு பாதுகாப்பு. கணிப்பீடு முழுவதையும் பாடசாலையிடம் விடுவோமாயின், உள்ளூர் அதிகாரப் படிநிலைகள் புள்ளிகளிலும் புகுந்துவிடல் கூடும். இம்முரண்பாட்டைக் கருதாத கணிப்பீட்டுச் சீர்திருத்தம் எதுவும் முழுமையானதாகாது.

எனவே மாறவேண்டியது வினாவின் இயல்பே. மாணவன் முன்னர் கண்டிராத ஒரு செய்யுளை அவன்முன் வைத்து, சான்றுடன் கூடிய எவ்விளக்கத்தையும் ஏற்பதற்குப் பரீட்சகரைப் பயிற்றுதல் வேண்டும். அப்பொழுது குறிப்புச் சந்தையின் பிடி தளரும். ஆசிரியரும் கவிதையையே கற்பிக்க நேரும். சமூக ஏற்றத்தாழ்வை இது நீக்கிவிடாது. ஆயினும், அதனை இனங்காணும் வாசகனை உருவாக்கும் பணி இங்கேதான் தொடங்கவேண்டும்.