பத்திரிகையில் இல்லாத பெயர்

தமிழில் அதிகமாக வாசிக்கப்படும் வசனம் எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கல்யாணப் பத்திரிகை என்றே சொல்வேன். நாவல் ஒன்று 1000 பிரதி போனால் பதிப்பாளர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 500 பிரதி அடிக்கிறார்கள். அந்த 500-ம் வாசகர் கைக்கு நேரே போய்ச் சேருகின்றன. சேர்ந்த இடத்திலெல்லாம் ஆதியோடந்தமாகப் படிக்கிறார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப் போயிற்று, மாப்பிள்ளையின் படிப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். கதை எழுதுகிற எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது?

ஆகவே, இதை ஓர் இலக்கிய வடிவமாக எடுத்துக்கொண்டு நாலு வார்த்தை சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் என் வீட்டு அலமாரியில் இப்படிச் சேர்ந்த பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கின்றன. தை பிறந்தால் கட்டுப் பெருக்கிறது, ஆவணியில் இன்னும் பெருக்கிறது. மார்கழியிலும் ஆடியிலும் மட்டும் அதற்கு ஓய்வு.

முதலில் நடையைப் பார்ப்போம். பழைய மாதிரிப் பத்திரிகை முழுவதும் ஒரே வாக்கியம். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி, வருஷம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் என்று ஆகாயத்தையெல்லாம் சுற்றிவிட்டு, பாட்டனார், தகப்பனார் வழியாகப் பூமிக்கு இறங்கி, மண்டபத்தின் விலாசத்தைத் தொட்டு, கடைசியில் மூச்சுவாங்க "கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகிறது. நான் இப்படி ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. கிரகங்களையும் தாத்தாவையும் பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள மண்டபத்தையும் ஒரே மூச்சில் கோத்துக் கட்ட வேறு எந்த நடையால் முடியும்?

அர்த்தத்தைப் பற்றி மட்டும் அது கவலைப்படுவதில்லை. 2024 சித்திரை முதல் ஒரு வருஷ காலம் வந்த பத்திரிகைகளெல்லாம் "மங்களகரமான குரோதி வருஷம்" என்றுதான் தொடங்கின. குரோதி என்றால் கோபக்காரன். 2019 சித்திரையில் பிறந்த வருஷத்துக்கு விகாரி என்று பெயர். அறுபது பெயர்களில் பராபவ என்றும் ஒன்று உண்டு, தோல்வி என்று பொருள். மங்களகரமான தோல்வியில் எத்தனை ஜோடிகள் மணமேடை ஏறியிருக்கின்றன! யாருக்கும் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. வடிவம் கெட்டியாக இருந்துவிட்டால் வார்த்தையின் பொருளை ஜனங்கள் கவனிப்பதில்லை.

இந்த வடிவத்தை உடைக்க நம் காலத்துக்கு முன்பே ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். அப்படிப்பட்ட திருமணங்கள் செல்லும் என்று 1967-ல் அண்ணாதுரையின் அரசாங்கம் சட்டமும் செய்தது. பத்திரிகையின் பாஷையே அதனால் மாறிற்று. விவாகம் திருமணமாயிற்று. சிரஞ்சீவியும் சௌபாக்கியவதியும் போய்த் திருவளர்ச்செல்வனும் திருநிறைச்செல்வியும் வந்தார்கள். சுயமரியாதைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத வீடுகளில்கூட இன்று இந்தச் சொற்கள்தாம். இது பெரிய வெற்றி, மறுப்பதற்கில்லை. ஆனால் கிரகங்கள் காலி செய்த இடத்தில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று வேறு கிரகங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. சொல் மாறிற்று, ஜாபிதா நீண்டது.

இந்த ஜாபிதாவைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர், அவர்கள் உத்தியோகம், ஊர். அடியில் பூப்போட்ட கட்டத்துக்குள் இன்னும் பேசவே வராத குழந்தைகள் "எங்க மாமா கல்யாணத்துக்கு வாங்க" என்று அழைக்கின்றன. இந்தக் கட்டத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெயர் விட்டுப் போனதால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இத்தனை பெயர்க் கூட்டத்துக்கு நடுவே மணமகனையும் மணமகளையும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பெயருக்குக் கீழே தங்க மசியால் கோடு போடுவதே அதற்காகத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையார் படம் போட்ட அட்டை சிவகாசியிலிருந்து வருகிறது, உள்ளூர் அச்சகத்தில் பெயரைப் போட்டுக் கொடுக்கிறார்கள். இப்போது பனையோலைப் பத்திரிகை என்று ஒன்று புறப்பட்டிருக்கிறது. ஓலை நிஜ ஓலைதான், ஆனால் எழுத்து கம்ப்யூட்டர் பார்த்துப் பொசுக்கிய எழுத்து. ஓலைக்கு எங்கள் சீமையில் பஞ்சமில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையோரம் மணப்பாட்டுப் பெண்கள் குருத்தோலையில் முடைகிற பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஓலைக்கு ஏற்ற வேலை எது என்று தெரியும். மூடியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். வெற்றிலை பாக்கும் மஞ்சளும் அந்தப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் அதை வீட்டில் வைத்துக்கொள்வார். ஓலைப் பத்திரிகையை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

மண்டப வாசலில் போடும் வரவேற்பு மேஜையும் இப்படித்தான் ஆகிவிட்டது. சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு இவை மூன்றும் இருந்தால் போதும் என்று ஒரு காலம். அவற்றைச் சுற்றி வீட்டுப் பெண்கள் தங்கள் கைவேலையைக் காட்டுவார்கள். சாயம் ஏற்றிய அரிசியில் மயில் போட்ட ஆரத்தித் தட்டு, ஜரிகைத் தாள் சுற்றிய பருப்புத் தேங்காய்க் கூடு. மயிலுக்குக் கழுத்து கோணலாக இருக்கும். ஆனால் அது இன்னாள் போட்ட மயில் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஆரத்தித் தட்டு வாடகைக்கு வருகிறது. கழுத்து நேராக இருக்கிறது, காலையில் கருங்குளத்தில் ஒரு கல்யாணம், மாலையில் இங்கே ஒன்று. சாவி எழுதிய 'வாஷிங்டனில் திருமணம்' 1963-ல் ஆனந்த விகடனில் வந்தது. கல்யாணச் சாமான்களையும் ஆட்களையும் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியதைப் படித்து ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்று அதெல்லாம் அன்றாடக் காரியம், யாரும் சிரிப்பதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. பத்திரிகையை நேரில் வந்து கொடுக்க வேண்டும் என்ற வழக்கம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து, இரண்டு பேராக வந்து அழைத்தால்தான் அழைப்பு. தபாலில் வந்த பத்திரிகைக்குத் தபாலிலேயே மொய் அனுப்புகிறவர்களும் உண்டு. வாட்ஸப்பில் வந்ததற்கு ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பினால் தீர்ந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து, திருச்செந்தூரிலிருந்து சென்னை போகிற ரயில் சுமார் 800 பேரோடு எங்கள் ஊர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதே, அந்த வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தை மாதக் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகைக் கட்டு ஊறிக் கூழாகிவிட்டது. வெறுங்கையோடு வீடுவீடாகப் போய் அழைத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள்.

அதே தாமிரபரணியில் கடைசி அணை எங்கள் ஊர் அணை. ஆற்றோடு மேற்கே திருநெல்வேலியைத் தாண்டிப் போனால், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை இருக்கிறது. அங்கே நெய்கிற பட்டுப்பாயையும் ஒரு கல்யாணப் பத்திரிகை என்றே நான் சொல்வேன். பட்டுப்பாய் என்று பெயர்தானே ஒழிய, அதில் பட்டு கிடையாது. ஆற்றங்கரைக் கோரைதான். கோரையை வெட்டி, கீறி, உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, நூல்போல மெல்லிசாகக் கிழித்துச் சாயம் ஏற்றி, தரையில் பூட்டிய தறியில் நெய்கிறார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். உயர்ந்த ரகப் பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். துணிபோல மடித்துவிடலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போயிற்று என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கென்று சொல்லிவைத்தால் மணமக்கள் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். இரண்டு பெயர், ஒரு தேதி, அவ்வளவுதான். திதி இல்லை, தாய்மாமன் இல்லை, பட்டம் இல்லை. பத்திரிகை எழுதுகிறவர்கள் ஒருமுறை பத்தமடைக்குப் போய் வரலாம்.

இந்தப் பாயைப் பற்றி நினைக்கும்போது எங்கள் தெருவில் நடந்த இரண்டு கல்யாணங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. இரண்டும் ஒரே வீட்டுக் கல்யாணங்கள். அந்த வீட்டம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். இரண்டு பெண்களையும் தன் சம்பளத்தில் படிக்கவைத்து ஆளாக்கினாள். மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை வந்தது. அழைப்பவர் அந்த அம்மாளின் அண்ணன். "எனது சகோதரியின் மகளும், தெய்வத்திரு இன்னார் அவர்களின் மூத்த புதல்வியுமான" என்று வாக்கியம் போயிற்று. வழக்கமான வாக்கியந்தான். என் கட்டில் இதே மாதிரி இருபதாவது இருக்கும்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். இறந்துபோனவருக்கு அடைமொழியோடு பெயர் இருக்கிறது. உயிரோடிருந்து, கடன் வாங்கி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவளுக்குப் பெயர் இல்லை. அவள் வாக்கியத்தில் இல்லாமலும் இல்லை. 'சகோதரியின்' என்று ஓர் உறவுச்சொல்லாக, வேற்றுமை உருபு ஏற்று, அண்ணனுக்கும் மகளுக்கும் நடுவே நிற்கிறாள். கைம்பெண்ணின் பெயர் மங்கள காரியத்தில் வரக்கூடாது என்பதை இதைவிடப் பணிவாக ஒரு பாஷை சொல்லிவிட முடியாது. குரோதியை மங்களகரமாக்கத் தெரிந்த வாக்கியத்துக்குப் பெற்ற தாயை ஆக்கத் தெரியவில்லை.

அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. உறையின் மேல் விலாசம் அந்த அம்மாளின் கையெழுத்து. கரும்பலகையில் எழுதிப் பழகிய, வளைவு நெளிவு பிசகாத எழுத்து. 500 உறைகளுக்கும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவள்தான் எழுதியிருந்தாள். அழைக்க வந்தபோதோ, அண்ணனும் அண்ணியும் தட்டை நீட்டினார்கள். அவள் வரவில்லை. பத்தமடைப் பாய்க்குச் சொல்லி, பணம் கட்டி, போய் வாங்கி வந்தவளும் அவள்தான். அங்கே பெண்ணின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கேட்டார்களே ஒழிய, நீங்கள் சுமங்கலியா என்று கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து இளையவளுக்குக் கல்யாணம். அக்காவின் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல அம்மா எங்கே?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அண்ணன் கெட்டவர் அல்ல. தங்கை குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். "ஊர் என்ன சொல்லும்?" என்றார், அவருக்குத் தெரிந்த நியாயம் அது. இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த அம்மாள் தானே வாசகத்தை எழுதிக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். அன்று புரூப் திருத்த நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அச்சகக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், அண்ணாச்சி பேரை மேல போட்டுட்டு, உங்க பேரைக் கீழ ஒரு ஓரமா வச்சுக்கிடலாமே?" என்றார்.

"கீழ அவுக பேரைப் போடுங்க. மேல நான் எழுதுனபடியே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"'எங்கள் மகள்'னு தானே போடுவோம்? நீங்க 'என் மகள்'னு எழுதியிருக்கீங்களே?"

"நான் ஒருத்திதானே இருக்கேன்?"

என் கட்டில் இன்றைக்கு இருக்கிற நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் ஒருமையில் எழுதிய தாய் அவள் ஒருத்திதான். மற்ற வாக்கியங்கள் பழையபடிதான் இருந்தன. வருஷம், திதி, லக்னம் எதையும் அவள் விடவில்லை. அண்ணன் பெயர் கீழே, தாய்மாமன் என்று தடித்த எழுத்தில். அழைக்க அவளே வந்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கூட வந்தார். சில வீடுகளில் பத்திரிகையை அவர் கையிலிருந்துதான் வாங்கினார்கள், அதையும் சொல்லவேண்டும். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், "நீ குடுத்தா நான் வாங்குவேன், அவன் எதுக்கு?" என்றாளாம்.

முகூர்த்தத்தன்று வரவேற்பு மேஜையில் வாடகைத் தட்டு இல்லை. அரிசி மயில் இருந்தது, கழுத்து கோணல். சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றது அந்த அம்மாள். முதலில் வந்த இரண்டு மூன்று பேர் சற்றுத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது, கூட்டத்தில் யாருக்கும் தயங்க நேரமில்லை.

அச்சகத்தில் மாதிரிக்கென்று ஒரு பெரிய புத்தகம் வைத்திருக்கிறார்கள். பிள்ளையார் தனியாக, முருகன் தனியாக, சிலுவை தனியாக, பிறை தனியாக என்று பத்திரிகைகளை ஒட்டியிருக்கும். டீச்சர் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சென்ற ஆவணியில் நான் போனபோது, அதைப் பார்த்து மூன்று பேர் அந்த வாசகத்தையே கேட்டு அடித்துக்கொண்டு போனதாக அச்சகக்காரர் சொன்னார். கேட்டவர்கள் தாய்மார்கள் இல்லையாம். இரண்டு மணப்பெண்கள், ஒரு மாப்பிள்ளை.