சர்க்கரை ஏற்றப்பட்ட எலியும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

சென்னையை ஒட்டிய வேலப்பன்சாவடி, போரூர் வட்டாரத்து மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளின் விலங்குக்கூடங்களில் மட்டுமல்ல, உலகெங்கும் நீரிழிவு ஆய்வுக்குப் பெரிதும் கைகொடுப்பது விஸ்டார் இன எலியும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் சிதைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியும்தான். மருந்தை pH 4.5 உள்ள சிட்ரேட் கரைசலில் கலந்து உடனே செலுத்துகிறார்கள். முதல் இரவு குளுக்கோஸ் தண்ணீர் வைக்காவிட்டால், சிதைந்த பீட்டா செல்களிலிருந்து கொட்டும் இன்சுலினாலேயே எலி சாகக்கூடும். மூன்றாம் நாள் வால் நுனி ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் எலி ஆய்வுக்குத் தயார்.

செலவு குறைவு, நோய் தொடங்கிய நாளும் துல்லியம். இம்முறை நிலைத்ததற்கு இவையே காரணம். இத்தகைய எலிகளில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமியை நோக்கி நகர்வதும் விழுங்குவதும் மந்தமாகின்றன, டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, புண் ஆறத் தாமதமாகிறது.

ஆனால் இதெல்லாம் சர்க்கரையின் வேலைதானா? ஸ்ட்ரெப்டோசோடோசின் லிம்போசைட் என்னும் எதிர்ப்பணுக்களையும் நேரடியாகத் தாக்கும். இன்சுலின் இல்லாத எலி உடல் மெலிகிறது, அதன் அழுத்த ஹார்மோன் கூடுகிறது. தைமஸ் சுருங்க அதுவே போதும். ஊசி போட்ட சில நாளில் எதிர்ப்பணுக்களை எண்ணி, பழியை நீரிழிவின் மேல் போடுவது அவசர முடிவு. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கிய இன்னொரு குழு இருந்தால்தான் மருந்தின் விளைவும் நோயின் விளைவும் பிரியும்.

நோய் நீடித்த காலம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காசநோய் ஆய்வு காட்டியது. 2007இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சர்க்கரை ஏற்றிய சுண்டெலிகளுக்குக் காசநோய்க் கிருமியைத் தொற்றவைத்தனர். சர்க்கரை வந்து ஒரு மாதம்கூட ஆகாதவை மற்றவற்றைப் போலவே சமாளித்தன. மூன்று மாதம் கடந்தவற்றின் நுரையீரலிலோ கிருமிச்சுமை பத்து மடங்குக்கு மேல். கிருமி நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேரத் தாமதமாவதால் டி செல்கள் பிந்தி விழிக்கின்றன என்று 2010இல் அதே குழு விளக்கியது. தமிழ்நாட்டுக் காசநோயாளிகளிடம் 2012இல் வெளியான ஆய்வொன்றில் 25.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததால், இது இங்கே ஏட்டுச் சங்கதி அல்ல.

இருந்தும் ஸ்ட்ரெப்டோசோடோசின் எலியின் நோய் முதல் வகை நீரிழிவை ஒத்தது; அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இருப்பதோ இரண்டாம் வகை. கொழுப்புத் தீனி கொடுத்துப் பின் குறைந்த அளவு மருந்து செலுத்தும் முறை அதற்குச் சற்று நெருங்குகிறது. பசியடக்கும் ஹார்மோனான லெப்டினின் ஏற்பி பழுதான டிபி/டிபி சுண்டெலி பருத்துச் சர்க்கரை காண்கிறது. ஆனால் லெப்டினே எதிர்ப்பணுக்களை இயக்குவதால் அங்கும் குழப்பம் தீர்வதில்லை. இன்சுலின் குழு சேர்த்தால் எலிகள் கூடும், விலங்கு நெறிக்குழு கேள்வி கேட்கும் என்ற தயக்கம் புரியக்கூடியதே. ஆனால் இன்சுலின் குழு இல்லாத ஆய்வில்தான் எலிகள் உண்மையில் வீணாகின்றன.