நாவன்மை படைத்த உழவனும் ஊவா மலைகளும்

பண்டை எகிப்தின் மரபைப் போற்றிக் குறும்படம் தயாரிக்குமாறு பள்ளி மாணவர்க்குப் போட்டி வைப்பின், பெரும்பாலோரின் கமரா பிரமிடுகளையும் துத்தன்காமனின் பொன்முகத்தையுமே நாடும். மரபென்பது மன்னர் விட்டுச்சென்ற பெருமை என்னும் எண்ணம் நம்மிடையேயும் வேரூன்றியுள்ளது. பதுளை மாவட்டத்து மாணவரை அவர்தம் மரபைப் படமாக்கச் சொன்னால், 1921இல் நிறைவுற்ற தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியுமே முதலில் திரைக்கு வரும். கொழுந்துக் கூடை சுமந்த பெண் அழகுக்காக ஓரத்தில் நிற்பாள், அவள் பேசமாட்டாள்.

இந்நிலையில், எகிப்திய நெறியாளர் ஷாதி அப்துஸ் ஸலாம் (1930–1986) 1970இல் ஆக்கிய குறும்படம் நம் கவனத்துக்குரியது. ஏறத்தாழ இருபது நிமிடமே ஓடும் ‘நாவன்மை படைத்த உழவனின் முறையீடு’, ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய பபைரசுக் கதையொன்றைத் தழுவியது. தானியம் பெறுவதற்குக் கழுதைகளுடன் புறப்பட்ட எளியவன் ஒருவனின் உடைமைகளை, அதிகாரத்தைச் சார்ந்து வாழும் ஒருவன் சூழ்ச்சியாற் பறித்துக்கொள்கிறான். பறிகொடுத்தவன் மேலதிகாரியிடம் சென்று நீதி கேட்கிறான். எகிப்தின் மரபைக் கூறப் புகுந்த கலைஞர் பொன்னையும் சமாதியையும் விடுத்து, நீதி கேட்ட குரலைத் தெரிந்தெடுத்தமையே இப்படைப்பின் தலையாய சிறப்பு எனலாம். கண்ணகி வழக்குரைத்த கதையை அறிந்த தமிழ் வாசகர்க்கு அக்குரல் அந்நியமானதன்று.

எனினும் மூலக்கதையில் உறுத்தும் கூறொன்றுண்டு. உழவனின் பேச்சழகைக் கேள்வியுற்ற மன்னன், அவன் மேலும் பேசும்பொருட்டு விடையளியாதிருக்குமாறும், பேசியவற்றை எழுதிவைக்குமாறும் பணிக்கிறான். ஒன்பது முறை முறையிட்ட பின்னரே உழவனுக்கு நீதி கிட்டுகிறது. சொல்லைச் சுவைத்துக்கொண்டு சொன்னவனைக் காக்கவைப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை முழுத் தீர்வுக்காகக் காத்திருந்த மலையக மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

மேலும், இக்கதையில் நீதி மேலிருந்து அருளப்படுகிறது. எகிப்திய மரபில் மற்றொரு பக்கமும் உண்டு. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச சமாதிகளைக் குடைந்த தொழிலாளர், கூலியாக வரவேண்டிய தானியம் தாமதித்தமையால் வேலையை நிறுத்திக் கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர். தூரின் நகரில் பேணப்படும் பபைரசு இதனைப் பதிவுசெய்துள்ளது. பொன்முகங்களைப் படமெடுப்போர் இவர்களை நாடுவதில்லை.

நமக்கும் அத்தகைய மரபுண்டு. பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தாமே தெரிவுசெய்த சபையொன்றை நிறுவி, தோட்டத்துரை அதனோடு கலந்துபேசச் செய்தனர். அதனைக் கண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டோரும் முதுமையெய்தி வருகின்றனர். அவர்களும் மறைந்தபின் பாலம் நிற்கும்; நீர்வீழ்ச்சியும் நிற்கும்; இக்கதை நில்லாது.

ஆதலின், மரபைப் படமாக்க விழையும் ஊவா மாணவர் முதலிற் செல்லவேண்டிய இடம் லயத்து வாசலும் பிரட்டுக்களமுமாகும். அங்குள்ள முதியோரைப் பேசவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை கமராவை நிறுத்தாதிருத்தல் வேண்டும். அவ்வாறு எடுக்கப்படும் படத்தில் ஒளியும் ஒலியும் குறைபடலாம். அக்குறைகளுக்கு அப்பால் அதன் பெறுமதியை இனங்காணும் பொறுப்பு, பரிசுக்குரியதைத் தெரிவுசெய்யும் நம்மவரைச் சார்ந்தது.