பொன்மலையின் கைச்செல்வம்

கையில் காசு குறையும்போது ரயில்வே பணிமனையைக் காப்பாற்றுவது கைத்திறன்தான் என்பதற்குத் திருச்சி பொன்மலையே சான்று. நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கு இடம்பெயர்ந்த பணிமனை இது. இங்கு பழுதுபார்க்கப்படும் நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. சில இடங்களில் 12 அடி ஓடினால் 1 அடி ஏறும் பாதையில், பல்சக்கரத்தால் பற்களுள்ள நடுத்தண்டவாளத்தைக் கவ்வி ஏறும் அவற்றுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்காது. தேய்ந்ததை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்துதான் தீரவேண்டும். அப்படிப் பழகிய கைகளே பின்னர் புது எஞ்சின்களையும் செய்தன. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று வெளிவந்தது.

ஒன்றிரண்டு பாகங்களுக்காகக் கடைசல் இயந்திரத்தையும் வார்ப்புக்கூடத்தையும் வைத்திருப்பது வீண்செலவு, வெளியே கொடுத்துச் செய்வதே சிக்கனம் என்பார்கள். ஆயிரக்கணக்கில் தேவைப்படும் போல்ட்டுக்கு அது சரி. ஆனால் சந்தையே இல்லாத பொருளுக்கு விலை சொல்ல யாருண்டு? சிக்கனத்தின் பெயரால் ஆளையும் அச்சையும் கைவிட்டால், அடுத்த பழுதில் வண்டியே நின்றுவிடும். பழுது பார்க்கும் அறிவு ஏட்டில் தங்குவதில்லை. மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்கு வேலையின் வழியே போவது அது. ஆகவே குறைந்த பணத்தில் முதலில் காக்க வேண்டியது அந்தக் கைகளை.