வில்லிஸ் ஜீப்பின் முகம்

1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனம் பெருமளவில் உருவாக்கிய ஜீப்பின் அழகு, அழகைப் பற்றி அது கவலையே படாததில் இருக்கிறது. பொருள் வைக்கவும் ஆள் உட்காரவும் இடந்தரும் தட்டையான மட்கார்டும், முன்புறம் மடித்துச் சாய்க்கத்தக்க கண்ணாடியும், இயந்திர விசையை முன்பின் அச்சுகள் இரண்டுக்கும் பகிரும் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ்’ என்னும் பற்சக்கரப் பெட்டியும் தேவையிலிருந்து மட்டுமே பிறந்தவை. போர்க்கால வண்டியின் முகப்பில் ஒன்பது துளைகள். பெரிய விளக்குகளுக்கு இடம்விட்ட பொதுமக்கள் வண்டியில் ஏழு.

1953-இல் கைசர் நிறுவனத்திடம் விலைபோன வில்லிஸ், 1963-இல் நிறுவனப் பெயரிலிருந்தும் மறைந்தது. ஆயினும், 1940-களின் இறுதியில் பம்பாயில் அவ்வண்டிகளின் பாகங்களை இணைத்து உருவாக்கத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் அவ்வடிவத்தைக் கைவிடவில்லை. தாசில்தார் முதல் காவல்துறை வரை அதிகாரத்தின் அடையாளமாகவே ஜீப் நம் ஊர்களில் அறியப்பட்டது. 2010-இல் வந்த மகிந்திராவின் ‘தார்’ அதன் வாரிசு. 2020-இல் வெளிவந்த புதிய தாரின் பொறியியல் பணிகள் நடந்த மகிந்திரா ஆய்வு மையம், மாமல்லபுரத்துக்கு அதிகத் தொலைவில்லாத செங்கல்பட்டு மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. குளிர்சாதனமும் தானியங்கி கியரும் பெற்ற அப்புதிய வண்டி (வசதியை யார்தான் வெறுப்பார்?) முன்கண்ணாடியை மடிக்கும் பழைய துணிச்சலை இழந்துவிட்டது.