கண்ணீரும் காணியும்

வெலிமடையை அடுத்த தோட்டமொன்றின் வாசிகசாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரின் உதவியால், அண்மையில் மூன்று ஞாயிறுகளில் நாம் மூன்று தமிழ்ப் படங்களைப் பார்த்தோம். பாலாவின் 'பரதேசி' (2013), லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் பேமிலி' (2025) என்பன அவை. சினிமா பொழுதுபோக்கு என்பார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆறு நாள் மலையேறி இறங்கிய கால்களுக்கு ஏழாம் நாள் ஓய்வு வேண்டும், மனத்துக்கும் வேண்டும். ஆயினும், தம் வாழ்க்கையைத் திரையிலே காணும் மக்கள் அதைப் பார்த்ததோடு எழுந்து போய்விடுவதில்லை. அதை எடை போடுகிறார்கள். கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

முதலில் 'பரதேசி'. பிழைக்க வழி தேடும் ஒரு கிராமம் கங்காணியின் சொல்லை நம்பி மலைக்குப் புறப்படுகிறது. நாட்கணக்கில் நடை, வழியிலே சாய்ந்தவனைக் கிடந்த இடத்திலேயே விட்டு நகரும் கூட்டம், மலையேறிய பின் தீராத கடன், தப்பியோட முயன்றவனின் கால் நரம்பை அறுக்கும் கொடுமை. செழியனின் ஒளிப்பதிவில் இவை நெஞ்சை உலுக்குகின்றன. நமக்கு இது அயலார் கதையன்று. தலைமன்னார்ப் பக்கம் கரையேறி, மாத்தளை வரை காட்டு வழியே நடத்தி வரப்பட்ட நம் முன்னோரில் எத்தனையோ பேர் அவ்வழியிலேயே மடிந்தனர். ஆளின் கடனைச் சீட்டில் குறித்து, அச்சீட்டோடு அவனை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றும் 'துண்டு' முறை 1921இல்தான் இங்கே ஒழிக்கப்பட்டது. கூலி நாளன்று செலவுகளைக் கழித்துக் கழித்து, இறுதியில் தொழிலாளியையே கடனாளி ஆக்கும் காட்சி வந்தபோது, நமக்கு அருகில் இருந்த மூதாட்டி ஒருவர் அழவில்லை, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "எங்க செக்ரோல்ல இதவிடக் கூடப் பிடிச்சாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எந்த விமர்சனத்துக்கும் குறைந்ததன்று.

'பரதேசி'யின் பெருங்குறை எது? டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் வெளியிட்ட 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலே அப்படத்துக்கு அடிப்படை, தமிழில் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' ஆக்கினார். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றியவர். அங்கே தொழிற்சங்கம் வேரூன்ற உழைத்தவர். நாவலில் வரும் வைத்தியர் நோயாளியின் நாடியோடு தோட்டத்தின் நாடியையும் பிடித்துப் பார்க்கிறார். படத்திலோ அவர் ஆடிப் பாடி மதம் மாற்ற வந்த கேலிச் சித்திரமாகிவிடுகிறார். பாத்திரமொன்று சிதைந்தது என்று மட்டும் நாம் வருந்தவில்லை. விலங்கை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கலைஞர், அதை உடைக்க முயன்ற கையை மறைத்துவிட்டார். இறுதியில் மலையுச்சியில் அமர்ந்து கதாநாயகன் கதறுகிறான். நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். மறுநாள் காலை பிரட்டுக் களத்துக்கு அந்தக் கண்ணீர் எதைக் கொண்டு வரும்?

'மேற்குத் தொடர்ச்சி மலை' இந்தக் கேள்விக்கு அருகே வருகிறது. தேனிப் பக்கத்திலிருந்து கேரள எல்லை ஏலத் தோட்டங்களுக்குச் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை: சொந்தமாகக் கொஞ்சம் நிலம். ஒருமுறை சொத்துத் தகராறு குறுக்கிடுகிறது. இன்னொரு முறை, சேமித்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறுகிறது. ஒருவாறு நிலம் கைக்கு வந்த பின், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனும் சிறைவாசமும் சேர்ந்து அதை விழுங்கிவிடுகின்றன. கடைசியில் தான் உழுத நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவற்காரனாக அவன் அமர்ந்திருக்கிறான். தேனி ஈஸ்வரின் காமிரா மெல்ல மேலெழுகிறது, மனிதன் புள்ளியாகிறான். இங்கே யாரும் கதறவில்லை. வில்லனின் உறுமலும் இல்லை. சட்டம், சந்தை, கடன், தொழிலாளரைக் கைவிட்ட தொழிற்சங்கத் தலைமை ஆகியவை ஒன்றோடொன்று பல்சக்கரம்போல் பொருந்தி ஒரு மனிதனை அரைக்கும் விதம் நமக்கு விளங்கிவிடுகிறது. யதார்த்தக் கலையின் வேலை இதுவே.

வெலிமடையில் இப்படத்தைப் பார்ப்பதில் இன்னொரு பொருளும் உண்டு. மலைச்சரிவில் தேயிலை, கீழே சிங்கள விவசாயியின் உருளைக்கிழங்கும் லீக்சும் போஞ்சியும். தோட்டத் தொழிலாளிக்குக் காணி இல்லை. விவசாயிக்குக் காணி உண்டு. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் அவனும் கடனாளி. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடை செய்தபோது அவன் பட்ட பாட்டை இந்தப் பள்ளத்தாக்கு அறியும். ரங்கசாமியின் கதை இருவருக்கும் உரியது. ஆதலால் இப்படம் சிங்கள உப தலைப்புகளோடு கிராமத்திலும் காட்டப்பட வேண்டும் என்பது நம் ஆசை.

காணியின் கதை நம்மிடம் இன்னும் கசப்பானது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குச் சென்றன. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. கைகள் மாறின, லயம் மாறவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அது நம் பதுளை மாவட்டத்தில்தான். அபாயம் உள்ள இடமென்று முன்னரே அறியப்பட்டிருந்தது. போக வேறு நிலம் இருந்தால் அல்லவா போவார்கள்?

மூன்றாவது படம் 'டூரிஸ்ட் பேமிலி'. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு தமிழ்க் குடும்பம், சென்னைக் குடியிருப்பு ஒன்றில் தன் அன்பினால் அயலாரை வெல்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் நன்றாக நடித்திருக்கிறார்கள். நாமும் மனமாரச் சிரித்தோம். அகதியை அயலவனாகக் காட்டும் மனிதாபிமானத்தை வரவேற்கிறோம். ஆனால் தமிழகத் திரைக்கு இலங்கைத் தமிழர் என்றால் வடக்கின் பேச்சும் வடக்கின் துயரமுமே நினைவுக்கு வருகின்றன. அதே இராமேஸ்வரத்தில் நம்மவரும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். 1948இன் சட்டம் நாடற்றவர் ஆக்கிய நம் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். எந்தச் சுவர் எந்த வீட்டுக்குரியது என்று பங்கு பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள். நீலகிரியின் தேயிலைக்கே மீண்டும் கூலியாகப் போனவர் பலர். அந்தக் குடும்பங்களில் ஒன்றை இந்தத் திரையில் நாம் இன்னும் காணவில்லை.

நம்மவரே முயலவில்லையா எனலாம். முயன்றார்கள். தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து அதில் இருந்தது. வாசிகசாலையில் கூடிய இளைஞரிடம் கேட்டோம். அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பெயரைக் கேட்டவர் இருவர். நம் குரலை நாமே காப்பாற்றாவிடில் பிறரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே கலைஞர்களிடம் நாம் வேண்டுவது இது: எமக்காக அழ வேண்டாம், எமது கணக்கைப் பாருங்கள். கடன் எப்படி எழுதப்பட்டது, காணி எப்படி மறுக்கப்பட்டது, அதைக் கேட்டு நின்றவர் யார் என்பதைப் படமாக்குங்கள். அதைச் செய்வோர் சென்னையிலிருந்து வந்தாலும் சரி, நம் லயத்திலிருந்தே கைபேசியோடு புறப்பட்டாலும் சரி. இன்று கருவி அரிதன்று. துணிவும் உண்மையுமே வேண்டும். செக்ரோலை விரல்விட்டு எண்ணிய அந்த மூதாட்டி இன்னும் நம்மோடு இருக்கிறார். அவர் மறக்கும்முன் யாரேனும் அவர் எதிரே அமர்ந்து கேட்கட்டும்.